தகப்பன் வழி வந்தது

தலைவருக்குக் கட்சி கிடையாது, கொடி கிடையாது, பின்னால் வர நாலு பேர் கிடையாது. அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு தலைதான். அது யாருக்கும் இல்லாத அளவுக்குப் பெரியது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த பாதுகாப்புத் தொப்பி எதுவும் அவர் தலையில் இறங்கவில்லை. பானைமேல் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி உச்சியில் தொற்றிக்கொண்டு நின்றது. கூட வேலை செய்யும் ஒல்லி மெக்கானிக் ஒருவன், கம்பி என்று பெயர் வாங்கியவன், "நம்ம கம்பெனிக்கும் ஒரு தலைவர் வந்துட்டாருடா" என்று ஆரம்பித்து வைத்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் பூசணி என்று கூப்பிட்டதற்கு இது எவ்வளவோ தேவலை. பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. தொப்பியின் உள்பட்டையை அவரே அறுத்தெடுத்துவிட்டு மாட்டிக்கொண்டார்.

சின்ன வயதில் அழுதுகொண்டு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா ஒரே பதில்தான் சொல்லுவாள். "மூளை நிறைய இருந்தா தலை பெருசாத்தான்டா இருக்கும். அவனுங்க தலையில என்ன இருக்கு, காத்து." அம்மாவின் தலையும் பெரியதுதான். கழுத்தில் வேறு ஒரு வீக்கம். அதை மறைக்க எந்த வெயிலிலும் துணியைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். கடைசியில் கழுத்து அவளை ஒன்றும் செய்யவில்லை. கர்ப்பப்பையில் வந்த புற்றுநோய் கொண்டுபோனது. போவதற்கு முன்பு அவள் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

தலைவரின் மகனுக்கு அப்போது மூன்று வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கையை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரே தடத்தில் ஓடுவான். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கையில் கிடந்த அம்மா மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "எங்க வம்சத்துல இந்த மாதிரி ஒண்ணும் கிடையாது தாயி. நீ என்ன பண்ணினே, நல்லா யோசிச்சுப் பாரு" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காணாமல்போன சாவியைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாள்.

அந்தக் கேள்வியைத் தலைவர் பிடித்துக்கொண்டார். அம்மா போன பிறகும் விடவில்லை. மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வயிற்றில் பிள்ளையோடு நாள் முழுக்க நின்றதால்தான் இப்படி என்றார். வேலையை விட்டாள். மாடிப்படியில் ஒருமுறை வழுக்கியதைச் சொன்னார். சமையல் நேரத்தில் பிள்ளை கையில் ஃபோனைக் கொடுத்ததைச் சொன்னார். "நீ வாயைத் திறந்து பேசினாத்தானே அவன் பேசுவான். உம்முன்னு இருக்கிற வீட்டுல பிள்ளை ஊமையாத்தான் இருக்கும்" என்று அவள் தாய் தகப்பன் முன்னாலேயே சொன்னார். அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் அடுத்த மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டாள்.

தலைவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். குடி கிடையாது. மகனுக்குப் பிடித்த நீலநிற டம்ளர் உடைந்தபோது, அதே மாதிரி ஒன்று கிடைக்கும்வரை நகரம் முழுக்க அலைந்தார். ஆனால் மகனோடு வெளியே போகமாட்டார். சிறுவயதில் தெருவில் பட்டதெல்லாம், அந்தப் பெரிய தலையோடு கைகளை அடித்துக்கொண்டு மகன் நடக்கும்போது திரும்ப வந்து முன்னால் நிற்கும். தன்னைக் கேலி செய்தால் தானே முந்திக்கொண்டு சிரித்துவிடலாம். மகனைப் பார்த்து யாராவது சிரித்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

பையனுக்கு ஏழு வயதானபோது அது நடந்தது. பல மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் தலைவரும் கம்பியும் லிஃப்ட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்து பையன் வீட்டில் ஒரே கூச்சல். அவனை அடக்க அவன் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், லிஃப்ட் கதவு திறந்து மூடுவதைக் காட்டுவது. அப்பா வேலை செய்யும் இடம் பக்கம்தானே என்று அழைத்து வந்துவிட்டாள். கீழ்த்தளத்துக் கூடத்தில் அவன் கதவைப் பார்த்ததும் கூச்சலை நிறுத்தினான். ஓடிப்போய்க் கன்னத்தை அந்த எஃகுக் கதவில் ஒட்டவைத்துக்கொண்டு சிரித்தான். அழகான சிரிப்பு. ஆனால் கூடத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கட்டட மேலாளர் வந்து, "யாரு பிள்ளைங்க இது?" என்று கேட்டார்.

தலைவர் ஸ்பேனரைத் துடைத்தபடி, "தெரிஞ்சவங்க பிள்ளை சார்" என்றார்.

மனைவி நாலடி தள்ளி நின்றிருந்தாள். அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை. வந்து பையனைக் கதவிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுத்து அழைத்துப் போனாள். வீட்டுக்கு வந்தபோது சண்டை வரும் என்று தலைவர் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார். சண்டை வரவில்லை. தட்டு வைத்தாள், பரிமாறினாள். "நாளைக்கு லீவு போடுங்க. பழைய டாக்டர் புதுசா ஒருத்தர்கிட்ட போகச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காரு. அப்பா அம்மா ரெண்டு பேரும் வரணுமாம்" என்றாள். தயார் செய்த பதில் ஒன்றையும் சொல்ல முடியாமல் அவர் தலையாட்டினார்.

அந்த டாக்டர் குழந்தைகளின் மூளை, பரம்பரை நோய்கள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர். நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்ட பெண்மணி. பையன் கையில் ஒரு டார்ச் விளக்கைக் கொடுத்துவிட்டு, அவன் அதை அணைத்து எரிய வைக்கும் இடைவெளியில் டேப்பைத் தலையைச் சுற்றி ஓட்டி அளந்தார். எழுதிக்கொண்டார். பிறகு அவன் அம்மாவின் தலையை அளந்தார். பிறகு நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் இந்த நாற்காலியில உக்காருங்க."

"எனக்கு எதுக்கு டாக்டர்? பிள்ளைக்குத்தானே…"

"உக்காருங்க."

டேப் நெற்றியில் பட்டதும் அவருக்கு உடம்பெல்லாம் சூடாயிற்று. பள்ளிக்கூட மைதானத்தில் பையன்கள் கயிற்றால் அளந்த ஞாபகம். டாக்டர் சிரிக்கவில்லை. அளந்த எண்ணை இரண்டாம் முறை சரிபார்த்துவிட்டு, "வாயைத் திறங்க" என்றார். ஈறுகளில் சின்னச் சின்னக் கொப்புளம்போல மேடுகள் இருந்தன. "இது எப்பலேருந்து?"

"சின்ன வயசுலேருந்தே. பல்லு விளக்கும்போது உறுத்தும், அவ்ளோதான்."

"உங்க அம்மா அப்பா இருக்காங்களா?"

அம்மாவின் கழுத்தைச் சொன்னார். கர்ப்பப்பையைச் சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டரின் பேனா வேகமாக ஓடியது. "கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தங்கச்சி. டவுன் பஸ் ஓட்டுது."

"அவங்க தலை எப்படி?"

தலைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "அவங்களுக்கும் பெருசுதான் டாக்டர். டிரைவர் தொப்பி சேரலைன்னு பின்பக்கம் பிரிச்சு ஒட்டுத் துணி வச்சுத் தச்சுப்பாங்க" என்றாள். மூன்று பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வர வாரக்கணக்கில் ஆயிற்று. வந்த அன்று டாக்டர் முதலில் தலைவரிடம் என்ன வேலை என்று கேட்டார். லிஃப்ட் என்றதும், "அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்றார்.

"லிஃப்ட்டுக்கு எத்தனை பிரேக்?"

"மேல மோட்டார்ல ஒண்ணு டாக்டர். அது விட்டுடுச்சுன்னா கூண்டுக்கு அடியில ஒண்ணு இருக்கு, வேகம் மீறினா தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கும்."

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் அப்படித்தான். வளர்ந்தது போதும், நில்லுன்னு சொல்ற மரபணு ஒண்ணு இருக்கு. பீடென்னு பேரு. அம்மாகிட்டேருந்து ஒண்ணு, அப்பாகிட்டேருந்து ஒண்ணு, ஆக ரெண்டு பிரேக். உங்களுக்குப் பிறக்கும்போதே ஒண்ணு வேலை செய்யலை. இன்னொண்ணு சமாளிச்சுட்டு இருக்கு. வருஷம் போகப் போக எங்கேயாவது ஒரு செல்லுல அந்த இன்னொண்ணும் போயிடுச்சுன்னா, அந்த செல்லை நிறுத்த ஆள் இல்லை. அது பெருகும். அதுதான் கட்டி. கழுத்துல வரலாம், கர்ப்பப்பையில வரலாம், மார்புல வரலாம்."

தலைவர் மகனைப் பார்த்தார். அவன் தரையில் படுத்துச் சக்கர நாற்காலியின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். "இவனுக்குக் கட்டி ஒண்ணும் இல்லையே டாக்டர்?"

"இப்ப இல்லை. ஆனா மூளை விஷயம் வேற. அது வளர்ற காலத்துல ரெண்டு பிரேக்கும் முழுசா வேணும். ஒண்ணு குறைஞ்சாலே செல்லெல்லாம் கொஞ்சம் பெருத்துடும், ஒண்ணோட ஒண்ணு தேவைக்கு மேல இணைப்புப் போட்டுக்கும். அதான் தலை பெருசு, அதான் பேச்சு வர சிரமம். உங்களுக்கு ஏன் தலையோட நின்னுச்சு, அவனுக்கு ஏன் நிக்கலைங்கறது எங்களுக்கும் முழுசா தெரியாது. ஆனா எங்கேருந்து வந்ததுன்னு தெரியும். உங்ககிட்டேருந்து. உங்களுக்கு உங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கணும்."

மனைவி இப்போது திரும்பித் தன்னை ஒரு பார்வை பார்ப்பாள் என்று தலைவர் காத்திருந்தார். அவள் டாக்டரைத்தான் பார்த்தாள்.

"அப்ப நான் வேலைக்குப் போனதால இல்லையே டாக்டர்?"

"இல்லம்மா."

"நாள் முழுக்க நின்னுகிட்டே இருந்தேன்."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"மாடிப்படியில விழுந்தேன். ஆறாம் மாசம்."

"இல்லம்மா."

"ஃபோன் குடுத்தேன். அதிகமா பேசலை அவன்கிட்ட. எனக்குப் பேச்சு கம்மி."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க செஞ்ச எதுவும் காரணம் இல்லை. செய்யாத எதுவும் காரணம் இல்லை."

அவள் கேட்ட ஒவ்வொன்றும் தலைவர் சொன்ன வார்த்தை. ஒன்று விடாமல் வைத்திருந்தாள். தன் வாயிலிருந்து போனதெல்லாம் இன்னொருத்தி வாயிலிருந்து கேள்வியாக வந்து விழ விழ அவர் நாற்காலியில் சுருங்கிக்கொண்டே போனார். நாலு வார்த்தை திட்டிவிட்டாளானால் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையனைத் தூக்கி நிறுத்தினாள்.

கம்பியிடமாவது சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு மதியம், மோட்டார் அறையில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அன்னிக்கு அந்தக் கட்டடத்துல ஒரு பையன் வந்தான்ல… அது என் பையன்டா" என்றார்.

கம்பி டீயை ஊதிக்கொண்டே, "தெரியும் தலைவரே" என்றான்.

"எப்படி?"

"என்ன எப்படி? அந்தத் தலையை வேற எந்தக் கடையில வாங்க முடியும்? அந்த மேலாளருக்கே தெரியும். நீங்க அந்தப் பக்கம் போனதும், அப்பன் மாதிரியே இருக்கான், ஏன் இல்லைங்கறாருன்னு என்கிட்ட கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தைச் சொல்ல? வீட்டுல ஏதோ சண்டைன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

ஒரு பொய்யை ஊரே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறோம், அந்தப் பொய்க்கு இன்னொருவன் முட்டுக்கொடுத்திருக்கிறான் என்று தெரிந்தபோது, குடித்த டீ தொண்டையில் நின்றது.

தொண்டையில் உண்மையிலேயே ஒன்று இருந்தது. டாக்டர் சொல்லி எடுத்த ஸ்கேனில், கழுத்துச் சுரப்பியில் ஒரு கட்டி தெரிந்தது. புற்றுநோய்தான், ஆனால் சின்னது, வேறெங்கும் பரவவில்லை. அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் தங்கச்சி வந்தாள். டிரைவர் சீருடையோடு, டூட்டி முடிந்த கையோடு வந்தவள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்து, கொட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தாள்.

"என்னண்ணா இது, அம்மாவுக்கு இருந்த மாதிரியே?"

"சும்மா ஒரு கட்டி. எடுத்தாச்சு."

டாக்டர் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். தங்கச்சிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, பெண்களுக்கு மார்பில் வரும் ஆபத்து மிக அதிகம், உடனே வரச் சொல்லுங்கள் என்று. அந்த வார்த்தைகள் ஆரஞ்சுச் சுளையோடு வாயில்தான் இருந்தன. விழுங்கிவிட்டார்.

ஏன் என்று கேட்டால், இந்தத் தங்கச்சிதான் அந்த வீட்டில் மனைவிக்காகப் பேசியவள். "அண்ணியை ஏன் இந்தப் பாடு படுத்தறே? பிள்ளை என்ன, அவங்க தனியா செஞ்ச பொம்மையா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டவள். அப்போது, "உனக்கு ஒண்ணும் தெரியாது, உன் பஸ்ஸைப் பாரு" என்று விரட்டியிருந்தார். இப்போது அவளிடமே போய், நீ சொன்னதுதான் சரி, என் ரத்தம்தான், நம் அம்மா ரத்தம்தான் என்று எப்படித் தொடங்குவது? உடம்பு தேறியதும் சொல்லலாம் என்றிருந்தார். தேறியது. அவள் மூத்த மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றிருந்தார். முடிந்தது. ஒருமுறை சொல்லியே தீர்வது என்று பஸ் டிப்போவரை போய், அவள் பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம்வரை பின்னாலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று இறங்கிவந்தார்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று டாக்டர், "உங்க தங்கச்சி இன்னும் வரலையே?" என்றார்.

"சொல்லிட்டேன் டாக்டர். வர்றேன்னு சொல்லிச்சு."

மனைவி பக்கத்தில் இருந்தாள். எழுந்து வெளியே வந்து, நிறுத்தத்தில் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறாமல் நின்றாள். "நீங்க போங்க. எனக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள். பையன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் எதிர்ப்பக்கம், டிப்போவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததும் எங்கே போகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பின்னால் ஓடித் தடுத்திருக்கலாம். தானும் ஏறிக் கூடப் போயிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தங்கச்சிக்கும் அந்த மரபணுக் குறை இருந்தது. மார்பில் கட்டியும் இருந்தது. கையில் தட்டுப்படாத ஆழத்தில், ஆனால் அக்குளுக்குப் பரவத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கத்தை முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு மாதக்கணக்கில் ஊசி மருந்து.

அறுவை முடிந்து அவள் கண் விழித்து உட்கார்ந்த பிறகுதான் தலைவர் போனார். மனைவி அங்கே இருந்தாள். தலையணையைச் சரிசெய்துவிட்டு, வெந்நீர் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள். தங்கச்சி கேட்டாள்.

"உன் கட்டில் பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தேனே. அப்பக்கூட வாய் வரலையா உனக்கு?"

"அசிங்கமா இருந்துச்சும்மா."

"எது அசிங்கம்? அம்மா குடுத்ததா?"

"அது இல்லை. அவளை அவ்வளவு பேசினேன். நீ வேற அன்னிக்கே கேட்டே. கடைசியில நான்தான்னு உன்கிட்ட வந்து…"

"அதுக்காக பஸ்ல ஏறி கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து இறங்கிப் போனியா? கண்ணாடியில பாத்துட்டே வந்தேன். அண்ணனுக்கு ஏதோ கஷ்டம், கேட்டா சங்கடப்படுவான்னு நான் கேக்கலை." அவள் மூச்சு வாங்கினாள். "உன் மானத்தைக் காப்பாத்திக்க என் உடம்புதானா கிடைச்சுது?"

அவர் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த இடத்தில் எடுபடாது என்று அவருக்கே தெரிந்தது. வெளியே வந்து நேராக டாக்டரிடம் போனார். நான் அப்போதே சொல்லியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா என்று கேட்டார். "சின்னதா இருந்திருக்கலாம். அப்பவே பரவியும் இருந்திருக்கலாம். அதை யாராலும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். ஆமாம் உன்னால்தான் என்றோ, இல்லை என்றோ சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். யாராலும் சொல்ல முடியாது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதை இன்றைக்கும் அவர் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்.

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். முடி கொட்டி முளைத்தது. ஒரு வருஷம் கழித்துத் திரும்பவும் பஸ் ஓட்டப் போனாள். அவள் மகள்களில் மூத்தவளுக்கு அந்தக் குறை இல்லை, இளையவளுக்கு இருக்கிறது. ஆனால் தெரிந்திருக்கிறது, அதனால் வருஷா வருஷம் பார்த்துக்கொள்கிறார்கள். அண்ணியும் நாத்தனாரும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டார்கள். அண்ணனிடம் அவள் பேசுவாள். தேவைக்குப் பேசுவாள். மனைவி மறுபடி கண்ணாடிக் கடைக்குப் போக ஆரம்பித்தாள். போகலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. காலையில் பையனைச் சிறப்புப் பள்ளிக்கு அழைத்துப்போகும் வேலை தலைவருடையது. தெருவில் பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் செய்கிறார்கள். அவருக்கு இன்னமும் காது சூடாகிறது. ஆனால் கையை விடுவதில்லை. பையன் இப்போது பத்துப் பன்னிரண்டு வார்த்தை சொல்கிறான். அதில் "மேலே" ஒன்று, "கீழே" ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைவர் தாமாகவே, "உங்க அப்பா வீட்டுக்குப் போகலாம்" என்றார். மனைவி ஏன் என்று கேட்கவில்லை. மாமனார் பழைய பெயின்டர். ஓய்வுபெற்றுத் தனியாக இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ்ஷைக் கீழே வைக்கச் சொல்லி, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தலைவர் உரக்கச் சொன்னார்.

"மாமா, பையனுக்கு இப்படி இருக்கிறதுக்கு இவ காரணம் இல்லை. என் பக்கத்துலேருந்து வந்தது. எங்க அம்மாகிட்டேருந்து எனக்கு, என்கிட்டேருந்து அவனுக்கு. டெஸ்ட்டுல தெரிஞ்சுபோச்சு. இதே வீட்டுல உக்காந்து நான் இவளைப் பேசினதெல்லாம் தப்பு."

கிழவர் மருமகனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். முதல் தடவை காதில் விழவில்லை. "என்ன மாப்பிள்ளை?" என்றார். தலைவர் அவ்வளவையும் மறுபடி, இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். சொல்லி முடித்ததும் கிழவர், "சரி, சொல்லிட்டீங்கள்ல. டீ போடறேன்" என்று எழுந்து போனார். அடுப்படியில் அவர் பாத்திரத்தை வைத்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றது இங்கிருந்தே தெரிந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. பையன் ஜன்னலோரம். மனைவி நடுவில். பாதி வழி வந்த பிறகு அவள் பேசினாள்.

"சொன்னது நல்லதுதான்."

தலைவர் திரும்பினார்.

"எங்கம்மா இருக்கும்போது அப்படிப் பேசாமலாவது இருந்திருக்கலாம். சாகற வரைக்கும் தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சுட்டுப் போனாங்க. கர்ப்பமா இருக்கும்போது என்னை வேலைக்குப் போகச் சொன்னதே அவங்கதான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. இந்த ஒன்றை மட்டும் அவர் இனிமேல் யாரிடமும் போய்ச் சொல்லித் தீர்க்க முடியாது. பையன் எழுந்து, தங்கள் நிறுத்தம் வருவதற்கு முன்பே மணிப் பொத்தானை அழுத்திவிட்டான். டிரைவர் நிறுத்தினார். தப்பான நிறுத்தம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று பேரும் இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே போனார்கள்.